ஹக்கில்ஷா என்னும் பெயரைப் பாதுகாத்த வரலாறு

பாதுகாக்கப்பட வேண்டியவை என்று எங்கள் மாவட்ட மன்றம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. லிட்டில் ஸ்டாக்கத்தைப் பொறுத்தவரை அதில் முதலாவது தேவாலயக் கோபுரம். இரண்டாவது கல்லறைத் தோட்டத்து யூ மரம். மூன்றாவது, பதினோரு வருஷமாக உள்ளே டெலிபோன் இல்லாத சிவப்பு டெலிபோன் பெட்டி. நான்காவது, குளத்தில் நீந்துகிற, பல்லி மாதிரி ஒரு ஜந்து. அது கரையேறி உலாவ இடைஞ்சலாக இருக்கிறதென்று பஸ் நிழற்குடையைப் பெயர்த்து, பஸ் நிற்காத இடத்தில் கொண்டுபோய் நட்டார்கள். மழையில் நனைந்தபடி நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்தில் நிழற்குடை காலியாகத் தெரியும். அதுவாவது பத்திரமாக இருக்கிறதே என்று ஒரு நிம்மதி.

இவை எதிலும் எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது. பழையதைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை. அதைச் சுற்றிக்கொண்டு போவது எங்கள் கடமை. இந்த வருஷம் மார்ச் மாதம் பட்டியலில் ஐந்தாவதாக ஹெஸ்டரைச் சேர்த்தார்கள். அதில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது.

ஹெஸ்டர் ஹக்கில்ஷா எனக்குப் பக்கத்து வீடு. வயசு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அறுபது பிள்ளைகளுக்கும் ஒரு சொட்டுக் கூடக் குறையாமல் கஸ்டர்டை ஒரே அளவாக ஊற்றுவாள். அந்தக் கை நீதிபதிகளுக்கு வாய்த்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

அவளுக்கு இருந்த ஒரே குறை அந்தப் பெயர். ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட காலத்திலிருந்து "ஹக்கில்ஷா" என்றதும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பும். இப்போது நாடு முழுக்க வம்சத்தின் வேர் தேடும் மோகம் வேறு. கனடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், மரபணு பார்க்க இதில் துப்பி அனுப்பவும் என்று ஒரு கண்ணாடிக் குழாய் அனுப்பினார். ஹெஸ்டர் அதில் தக்காளி விதை போட்டு வைத்திருக்கிறாள்.

"மார்னி, எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கெடையாது," என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள். "டாக்டர்கிட்ட காத்திருக்கிற ரூம்ல என் பேரைக் கூப்பிடணும். கூப்பிட்டா என்னோட சேத்து இன்னும் மூணு பேர் தலையைத் தூக்கணும். 'நீங்களா, நானா'ன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும். அவ்வளவுதான்."

அதற்கு ஏற்ற மாப்பிள்ளையாகக் கிடைத்தவன் ஆல்ஃப் ஸ்மித். பால் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வார்த்தை பேசுவான், அதில் எட்டு லாரியோடு. வியாழக்கிழமைதோறும் மீன் வறுவல் வண்டி வரும்போது ஹெஸ்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்பான். ஆறு வருஷம் அப்படியே நின்றான். ஏழாவது வருஷம் வாயைத் திறந்தான்.

"இனிமே ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பொட்டலமா வாங்கிரலாமா?"

ஹெஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "உன் பேரு எனக்குக் கிடைக்குமா?"

"நெறைய இருக்கு. எடுத்துக்கோ."

ஸ்மித் என்கிற பெயரைப் பற்றி அன்றைக்கு அவன் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரிலேயே மூன்று வீடு ஸ்மித்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் இரண்டு பெயரையும் வாசிப்பார்கள். "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லட்டும்" என்று கேட்டுவிட்டுப் பாதிரியாரம்மா ப்ரூ மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பார். அந்த நேரத்தில் நாங்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வோம். பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அது பதிலுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை.

இரண்டாவது ஞாயிறு, கடைசி வரிசையில் மழைக்கோட்டுப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

இருநூறு கழுத்து ஒரே சமயத்தில் திரும்பிய சத்தம் எனக்குக் கேட்டது. என் மடியில் இருந்த கைக்குழந்தை ரூஃபஸ்கூட அழுகையை நிறுத்திவிட்டான். பாதிரியாரம்மா கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார்.

"மன்னிக்கணும். யாராவது ஆமான்னு சொன்னா என்ன பண்ணணும்னு இதுல எழுதியிருக்கு. ஆனா அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தடைங்க? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே சம்சாரம் இருக்கா?"

ஆல்ஃப் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"சம்சாரம் எங்க துறையில வராதுங்க. இந்தப் பொண்ணோட பேரு அருகிவரும் பேரு. அதை ஸ்மித்னு மாத்துறது சேதப்படுத்துறதாகும். என் பேரு டெரன்ஸ் விட்ல். மாவட்ட மன்றத்துல புராதனக் கட்டடங்கள், மரங்கள், நீர்நில வாழ் உயிரிகள் மற்றும் குடும்பப்பெயர்கள் துறை."

"ஒரே துறையா?"

"முன்னாடி நாலு துறை, நாலு ஆபீசர். சிக்கனம் வந்தது. இப்ப ஒரு துறை, நான், ஒரு படிவம்."

பாதிரியாரம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆட்சேபம் கல்யாணத்துக்கு இல்லை, பெயருக்குத்தான். ஆகவே வாசிப்பு தொடரும், ஆட்சேபித்தவருக்கும் தேநீர் உண்டு. மார்ச் கடைசி ஞாயிறு மூன்றாவது வாசிப்பும் முடிந்தது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசித்ததெல்லாம் காலாவதி.

ஹெஸ்டர் ஆல்ஃபிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "ஸ்மித்தாக முடியாதுன்னா நான் கல்யாணம் பண்ணிக்கலை. வியாழக்கிழமை ரெண்டு பொட்டலமா வாங்கிக்குவோம்."

ஆல்ஃப் அன்றைக்கு மிச்சமிருந்த வார்த்தைகளைத் தேடிப் பார்த்தான். "நான் வேணா ஹக்கில்ஷா ஆயிடறேனே."

"அப்ப ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரை வேடிக்கை பாப்பாங்க. வேண்டாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை விட்ல் கோப்போடு ஹெஸ்டர் வீட்டுக்கு வந்தார். துணைக்கு நானும் ரூஃபஸைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்தாள் ஹெஸ்டர். எதிரி என்றாலும் தேநீர் கொடுக்காமல் சண்டை போடுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

விட்ல் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "மேற்படி பெயரின் தோற்றம் குறித்து அறிஞர் மூவர் நான்கு கருத்துகளைத் தெரிவித்துள்ளனர். முதலாமவர், தோப்போரம் வாழ்ந்த இடுப்புக் கோணலான மனிதர் என்கிறார். இரண்டாமவர், இடுப்பு நேரான மனிதர், தோப்புதான் கோணல் என்கிறார். மூன்றாமவர் மதிய உணவுக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாகக் கூறியுள்ளார். இடுப்போ தோப்போ ஏதோ ஒன்று கோணலாக இருந்தது எனத் துறை ஏகமனதாக முடிவு செய்கிறது."

"எங்க தாத்தா, நாம பக்கத்து ஊருல மாவு மில்லு மூடினதும் இங்க வந்தவங்கன்னு சொன்னாரு," என்றாள் ஹெஸ்டர்.

"அது வாய்மொழி. அதைக் குறிச்சுக்க எங்க படிவத்துல எடம் இல்ல." பக்கத்தைத் திருப்பினார். "வரலாறு. ஆயிரத்து நானூற்று இரண்டில் ஜான் ஹக்கில்ஷா என்பவரின் பன்றி கல்லறைத் தோட்டத்தில் புகுந்தமைக்காக அபராதம். ஆயிரத்து அறுநூற்று நாற்பதில் பீட்டர் ஹக்கில்ஷா. பன்றி, கல்லறைத் தோட்டம், அபராதம்."

"அதே பன்றியா?"

"பன்றியோட வயசு பதிவேட்டுல இல்லம்மா." அதை அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "அடுத்து மக்கள்தொகை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றில் நாற்பத்து மூன்று பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் இருபத்தொன்பது. இப்ப நீங்க ஒருத்தர், கிரிம்ஸ்பில உங்க பெரியப்பா ஒருத்தர். அவருக்குத் தொண்ணூத்தொண்ணு. இனப்பெருக்கக் கணக்குல அவரை எடுக்கறதில்ல."

"எடுக்காம இருக்கறது நல்லது," என்றேன்.

"அதனால இந்தப் பேரு இரண்டாம் தரப் பாதுகாப்புல வந்திருக்கு. நீங்க தாராளமா பயன்படுத்தலாம். மாத்தவோ, மறைக்கவோ, இடிக்கவோ கூடாது."

"நான் செத்துப்போனா?"

"அது இயற்கை இழப்பு. அதுக்கு அனுமதி தேவையில்ல. கல்யாணம் மனுசங்களால வர்ற இழப்பு. அதுக்குத்தான் விண்ணப்பம்."

"அப்ப ஸ்மித்தா வாழறதைவிட ஹக்கில்ஷாவா சாகறது சுலபம்கிறீங்க."

"தாள் கொஞ்சம் மிச்சமாகும்," என்று ஒப்புக்கொண்டார் விட்ல்.

விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பினார்கள். நாலு துறைக்கும் பொதுவான படிவம். "சுவர்ல ஈரக்கசிவு?" இல்லை என்றாள். "வேர் பரவிப் பக்கத்து வீட்டுச் சாக்கடைக்குப் பாதிப்பு?" இல்லை. "வரும் பருவத்துல கூடு கட்டும் எண்ணம் உண்டா?"

ஹெஸ்டர் சிவந்துபோனாள். "அது எனக்கும் ஆல்ஃபுக்கும் உள்ள விஷயம்."

"உண்டுன்னு போட்டுக்கறேன். கடைசிக் கேள்வி. வௌவால் இருக்கா?"

"பேருக்குள்ள வௌவால் எப்படிங்க இருக்கும்?"

"இருக்கா இல்லையான்னு நீங்க சொல்ல முடியாதும்மா. ஆய்வு பண்ணித்தான் சொல்லணும். வௌவால் ஆய்வு மே மாசம் மட்டும்தான். அவங்க நடமாட்டம் அப்பத்தான் தெரியும்."

போகும்போது ஒரு மஞ்சள் அறிவிப்பை அவள் வீட்டுக் கேட்டில் கட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்துக் கொடுத்தார். பாதுகாக்கப்பட்ட பெயரைச் சுமப்பவர்களுக்கு உண்டாகும் சிரமத்தை முன்னிட்டு மன்றம் வழங்கும் இரண்டு சலுகைகள் அதில் அச்சடித்திருந்தது. ஒன்று, காய்கறி போட மன்றம் வாடகைக்கு விடுகிற நிலத் துண்டுகளுக்கான வரிசையில் முதலிடம். இரண்டு, வாராவாரம் குப்பை அள்ளுதல்.

அந்த இரண்டாவது வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

எங்கள் ஊரில் குப்பை வண்டி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். கைக்குழந்தை இல்லாதவர்களுக்கு இது வெறும் தகவல். எனக்கு அப்படி இல்லை. ரூஃபஸ் ஒரு நாளைக்கு ஏழு டயப்பர் நனைப்பான். இரண்டு வாரத்துக்குத் தொண்ணூற்றெட்டு. வெயில் அடிக்கிற வாரத்தில் எங்கள் குப்பைத் தொட்டியைத் தபால்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வண்டி வந்தது. எங்கள் தெரு முழுக்க நிற்காமல் உருண்டுவந்து, ஹெஸ்டர் வீட்டு வாசலில் மட்டும் நின்றது. ஒரு ஆள் இறங்கி அவளுடைய தொட்டியிலிருந்த தேயிலைத் தூளையும் இரண்டு உருளைக்கிழங்குத் தோலையும் கவிழ்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். தெருவில் எல்லாச் சன்னல் திரையும் ஒரு விரல் அளவு விலகி மூடியது.

மே மாதம் சொன்னபடி விட்ல் வந்தார். ஒரு சாயங்காலம் முழுக்க மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டில் ஹக்கில்ஷா என்று எழுதியிருந்த பலகையைக் கருவி வைத்துக் கவனித்தார். வௌவால் வரவில்லை. ஆகவே விண்ணப்பம் முறையாகப் பரிசீலிக்கப்பட்டு, முறையாக நிராகரிக்கப்பட்டது. கடிதத்தோடு விதிப் புத்தகம் ஒன்றும் இணைத்திருந்தார்கள். அதைத் திறக்கக்கூட ஹெஸ்டருக்கு மனசில்லை. கல்யாணத்துக்குச் செய்துவைத்த பழ கேக்குக்கு வாரம் ஒரு கரண்டி பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்தாள்; அந்த வாரம் தனக்கும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

"ஒரு மாசம்தான் இருக்கு மார்னி. விட்ரலாம்."

நான் விதிப் புத்தகத்தை வாங்கிவந்து, ரூஃபஸைத் தூங்கவைக்க அதையே தாலாட்டு மாதிரி வாசித்தேன். அவன் எட்டாவது விதியில் தூங்கிவிட்டான். பதினாலாவது விதியில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர் எல்லைக்குள் ஒரு பெயரைச் சுமப்போர் தொகை இருபத்தைந்தை எட்டினால் அப்பெயர் அருகிய பெயர் ஆகாது, பாதுகாப்பு நீங்கும்.

நம் நாட்டில் பெயர் மாற்றுவது கடிதம் போடுகிற மாதிரி சுலபம். ஒரு பத்திரம், இரண்டு சாட்சி, ஒரு கையெழுத்து, முடிந்தது. இருபத்து நான்கு பேர் ஹக்கில்ஷாவாக மாறினால் ஹெஸ்டர் ஸ்மித்தாக மாறலாம்.

மே கடைசி சனிக்கிழமை ஊர்க் கூடத்தில் மேசை போட்டேன். பாதிரியாரம்மாவும் தபால்காரரும் சாட்சி. தேநீருக்கு அண்டா, ஜாம் வைத்த கேக்கு. முதலில் வந்தவர் மிஸஸ் பாண்ட்ஃபீல்ட். காய்கறி நிலத்துக்காக ஒன்பது வருஷமாக வரிசையில் இருக்கிறவர்.

"ஹெஸ்டருக்காகத்தான் வந்தேன்," என்றார். "பச்சை அட்டை இன்னிக்கே குடுப்பாங்களா?"

இரண்டாவது நான். நானும் ஹெஸ்டருக்காகத்தான். என் வீட்டுக்காரர் டெட் மூன்றாவது. ரூஃபஸ் நான்காவது, கைநாட்டு வைக்கும்போது மைப்பெட்டியைக் கடித்துவிட்டான்.

பதினோரு மணிக்கு இருபத்து நான்கு பேர் ஆகிவிட்டது. "போதும், எல்லாருக்கும் நன்றி," என்றேன். வரிசை நகரவில்லை. வரிசை என்று ஒன்று உருவாகிவிட்டால் அதைக் கலைப்பது எங்கள் நாட்டில் இதுவரை யாராலும் ஆகாத காரியம்.

"நாங்க மட்டும் ஹெஸ்டருக்கு உதவக் கூடாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கோபமாகக் கேட்டது. அது ஆல்ஃபின் அம்மா, மிஸஸ் ஸ்மித்.

"நீங்க மாறினா எப்படிம்மா? உங்க பேருக்குத்தானே அவ வர்றா."

"வரட்டும். வந்து இருக்கட்டும். எனக்கு முள்ளங்கி போட எடம் வேணும்."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மேசை போடும்படி ஆனது. ஜூன் பாதிக்குள் ஊரில் இருநூற்று மூன்று ஹக்கில்ஷா. மூன்று ஸ்மித் வீடும் காலி. மிஞ்சியது ஆல்ஃப் ஒருவன். யாராவது ஒருவர் ஸ்மித்தாக இருந்தால்தானே ஹெஸ்டர் ஆக முடியும்.

பெயர் வந்ததும் அதற்குரிய நடையும் வந்துவிட்டது. பன்றி பொறித்த குடும்பச் சின்னத்தோடு கோப்பை, துண்டு, நாய்க்குப் போடுகிற குளிர்ச் சட்டை. முதல் சனிக்கிழமை மாறியவர்கள் தங்களைப் பழைய ஹக்கில்ஷா என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை வந்தவர்களோடு அவர்கள் மதுக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை.

"அவங்கள்லாம் குப்பை வண்டிக்காக வந்தவங்க," என்பார் மிஸஸ் பாண்ட்ஃபீல்ட்ஹக்கில்ஷா. பழைய பெயரையும் ஒட்டிவைத்துக்கொள்வது இன்னும் கொஞ்சம் உயர்வு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "ரத்தத்துல இருக்கணும் கண்ணு. நம்ம இடுப்பைப் பாத்தாலே தெரியும்."

பழைய ஹக்கில்ஷாக்கள் சங்கம் தொடங்கினார்கள். மரியாதைக்காக ஹெஸ்டரும் ஒரு விண்ணப்பம் போட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் மாற்றுப் பத்திரம் இணைக்கப்படவில்லை. விண்ணப்பதாரர் ஹக்கில்ஷா என்பதற்கு வேறு ஆதாரமும் இல்லை.

விட்ல் மறுபடி எண்ண வந்தார். எண்ணி முடித்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா வேலை பாக்கறேன். நான் பாதுகாத்தது எதுவுமே பெருகினதில்ல. அந்தக் குளத்து ஜந்துகூட நாங்க வேலி போட்டதும் வேற குளத்துக்குப் போயிடுச்சு. இது ஒண்ணுதான் ஒரே மாசத்துல இருநூத்து மூணு மடங்கு."

அவருக்கு மன்றம் கேடயம் கொடுத்தது. ஹெஸ்டருக்கு, மூன்று மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, அனுமதிக் கடிதம் வந்தது. எங்கள் இருநூற்று இரண்டு பேருக்கும் அதே தபாலில் ஒரு கடிதம். தாங்கள் சுமக்கும் பெயர் ஆபத்திலிருந்து மீண்டுவிட்டதை மகிழ்ச்சியுடன் தெரிவிப்பதோடு, பச்சை அட்டையை உடனே திருப்பி ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

எல்லாரும் கடிதத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "பதினாலாவது விதியைப் படிச்சவ நீதானே," என்றார் ஆல்ஃபின் அம்மா. "இருபத்தஞ்சு ஆனா சலுகையும் போயிடும்னு அதுல இல்லையா?"

"இருந்துச்சு. அதனாலதான் இருபத்து நாலோட நிறுத்துங்கன்னேன்."

கணக்குப் பார்த்தால் என் பதிலும் தப்பு. ஹெஸ்டரோடு சேர்த்தால் அதுவே இருபத்தைந்து. நல்லவேளையாக யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஜூன் கடைசி சனிக்கிழமை கல்யாணம். வழக்கம்போல வாசலில் டெட் நின்று, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். வந்தவர்கள் எல்லாரும் ஹக்கில்ஷா. எல்லாரும் இடப்பக்கம் பெண் வீட்டு வரிசைகளில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆல்ஃபின் அம்மாவும்தான், பெயர் என்றால் பெயர் என்று சொல்லிவிட்டார். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டு வரிசைகளில் ஆல்ஃபின் நாய் மட்டும் முன் பெஞ்சில் தனியாக, பொறுப்போடு உட்கார்ந்திருந்தது. பாதிரியாரம்மா தடை ஏதும் உண்டா என்று கடைசியாகக் கேட்டபோது எல்லாரும் விட்லைப் பார்த்தோம். அவர் கேக்கு எப்போது வெட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை இரண்டாம் வாரம் ரூஃபஸுக்குச் சளி. டாக்டரிடம் காத்திருக்கிற அறையில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஹெஸ்டர், முழங்கையில் சூடு பட்டதற்கு மருந்து வாங்க வந்திருந்தாள். முகம் கல்யாணத்தன்று இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மேசைப் பெண் சன்னலைத் திறந்தாள். "மிஸஸ் ஸ்மித்."

ஹெஸ்டர் உடனே எழுந்துகொள்ளவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி, இடமும் வலமும் பார்த்தாள். வேறு யார் தலையும் உயரவில்லை. அறையில் இருந்த பதினாறு பேரும் அவளைத்தான் வேடிக்கை பார்த்தோம்.

அவள் மருந்துச் சீட்டோடு திரும்பி வரும்போது மேசைப் பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். "மிஸஸ் ஹக்கில்ஷா."

ஒன்பது பேர் எழுந்தோம். "நீங்களா, நானா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹெஸ்டர் அதைக் கதவோரம் நின்று முழுக்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியே அவளுக்காக விட்ல் காத்திருந்தார். கோப்பு புதிது. ஊர் எல்லைக்குள் ஸ்மித் என்ற பெயரைச் சுமப்போர் இரண்டே பேர். நூறு வருஷத்தில் காணாத வீழ்ச்சி. முதல் தரப் பாதுகாப்பு. கையோடு பச்சை அட்டையையும் கொடுத்தார். ஹக்கில்ஷா விவகாரத்துக்குப் பிறகு விதியைத் திருத்தியிருந்தார்கள். கண்டவர்களும் உள்ளே வந்துவிடாதபடி, ஒரு பெயருக்குப் புதிதாக வருகிறவர்களை அந்தப் பெயரின் காவலரே ஆய்வு செய்து சேர்க்க வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது. ஸ்மித் பெயருக்குக் காவலர் ஹெஸ்டர்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊர்க் கூடத்து வாசலில் வரிசை வளைந்து டெலிபோன் பெட்டியைத் தாண்டியிருந்தது. நான் மூன்றாவது. எனக்கு முன்னால் மிஸஸ் பாண்ட்ஃபீல்ட்ஹக்கில்ஷா, அவருக்கு முன்னால் ஆல்ஃபின் அம்மா. ஹெஸ்டரைத் தனியாக விடக் கூடாது என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஹெஸ்டர் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. முன்னால் அதே படிவம். கஸ்டர்டு ஊற்றுகிற அதே நிதானத்தோடு ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"பொறந்ததிலருந்து ஸ்மித்தா இருந்தவ நான்," என்றார் ஆல்ஃபின் அம்மா.

"கல்யாணத்துக்கு அப்புறம்தானே ஆனீங்க அத்தை. அது மனுசங்களால வந்த மாற்றம். இங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, சொல்லி அனுப்பறேன்."

மிஸஸ் பாண்ட்ஃபீல்டிடம் கூடு கட்டும் எண்ணம் உண்டா என்று கேட்டாள். எழுபத்து நாலு வயசில் அவர் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. ரூஃபஸை இடுப்பு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். "நான்தான், ஹெஸ்டர்."

"தெரியுது. ஈரக்கசிவு?"

"இவன்தான்," என்று ரூஃபஸைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

"வௌவால் இருக்கா?"

"இல்ல."

"இல்லைன்னு நீ சொல்ல முடியாது கண்ணு. ஆய்வு பண்ணணும். மே மாசம் வா."

"இப்ப ஜூலைடி. நான் உன் பக்கத்து வீடு. உனக்காக விதிப் புத்தகமெல்லாம் படிச்சவ. மே மாசத்துக்குள்ள இவன் டயப்பரே விட்ருவான்."

ஹெஸ்டர் பேனாவை எடுத்தாள்.

"அப்ப அவசரம் இல்லைன்னு எழுதிக்கறேன்," என்றாள். "அடுத்தவங்க வாங்க."